ஒரு சென்டிமீட்டர் சொல்லும் சேதி



சில வாரங்களுக்கு முன் படிவம் மூன்றில் படிக்கும் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். "டீச்சர், புலனத்தில் ஒரு படம் வந்தது. குழந்தையின் தலை உடம்பைவிடப் பெரிதாக இருக்கிறது. கீழே 'வேற்றுக்கிரகவாசி' என்று எழுதிச் சிரிக்கிறார்கள். அது உண்மைப் படமா, கணினியில் செய்ததா?" என்று கேட்டார்.

அந்தப் படம் எனக்குத் தெரிந்ததுதான். உண்மைப் படம். 2013-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் நாளிதழ்களில் வந்தது. வடகிழக்கு இந்தியாவில் திரிபுரா மாநிலத்தைச் சேர்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் மகள் அவள். அப்போது வயது ஒன்றரைகூட நிரம்பவில்லை. தலையின் சுற்றளவு 94 சென்டிமீட்டர். அந்த வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரி அளவு சுமார் 46 சென்டிமீட்டர்தான்.

இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். தலையை ஓர் உருண்டையாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு இரண்டு மடங்கானால் கன அளவு 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்காகும். அந்தத் தலைக்குள் இருந்தது பெரும்பாலும் தண்ணீர் போன்ற ஒரு திரவம். அவள் வேற்றுக்கிரகவாசி அல்லள். தலைக்குள் வடிகால் அடைபட்ட ஒரு குழந்தை.

அந்தக் குழந்தைக்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எலும்பு இவ்வளவு கடினமானதாயிற்றே, தண்ணீர் எப்படி அதைத் தள்ளி உருவத்தை மாற்றும் என்பதை முதலில் பார்ப்போம்.

மண்டையோடு மூடிய பெட்டி அல்ல

பாடப்புத்தகப் படத்தில் மண்டையோடு ஒரே துண்டாகத் தெரியும். பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை. பல எலும்புத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றுக்கு இடையே நெகிழ்வான இணைப்புகள் இருக்கும். தகடுகள் சந்திக்கும் இடத்தில் மென்மையான ஒரு பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பாட்டி எண்ணெய் வைக்கும் அந்த உச்சிக்குழிதான் அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அது மூடிவிடும்.

மண்டையோடு தானாக ஓர் அளவுக்கு வளர்ந்து நிற்க, மூளை அதற்குள் அடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. உள்ளே மூளை வளர வளர, எலும்பு அதற்கு இடம்விட்டு வளர்கிறது. பிறந்தபோது சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச் சுற்றளவு, ஓராண்டில் ஏறக்குறைய 46 ஆகிறது. எலும்பு உயிருள்ள பொருள். அதில் ஒருவகை உயிரணுக்கள் எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை புது எலும்பை வைத்துக்கொண்டே இருக்கும். உள்ளிருந்து அழுத்தம் தொடர்ந்து வந்தால், அந்த இடம் மெலிந்து வெளியே வளையும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலூனைச் சுற்றிப் பிசைந்த சப்பாத்தி மாவைப் பூசி, வாய் மட்டும் வெளியே இருக்கும்படி மெதுவாக ஊதுங்கள். மாவு எங்கே மெலிதாக இருக்கிறதோ அந்தப் பக்கம் புடைக்கும். இன்னொரு பலூனை எவர்சில்வர் செம்புக்குள் வைத்து ஊதுங்கள். செம்பு கொஞ்சமும் விரியாது. உங்கள் கன்னம்தான் வலிக்கும். பலூனுக்குள் காற்றின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒன்றுதான். எந்தச் சுவர் விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் வேறுபாடு.

மாவு, குழந்தையின் தலை. செம்பு, வளர்ந்தவரின் தலை. பெரியவர்களுக்கு மண்டைக்குள் திரவம் கூடினால் தலை பெரிதாகாது, மூளைதான் நசுங்கும். குழந்தைக்கு எலும்பு இடம் கொடுப்பதால் மூளைக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. தலை உருமாறுவது ஆபத்தின் அறிகுறி. அதே சமயம் மூளை தப்பிக்க எலும்பு கொடுக்கும் இடமும் அதுதான்.

மூளைக்குள் ஒரு வடிகால்

அந்தத் திரவம் எங்கிருந்து வருகிறது? நம் மூளை உலர்ந்த இடத்தில் இல்லை. மூளைத் தண்டுவட நீர் என்னும் தெளிந்த திரவத்தில் மிதக்கிறது. வளர்ந்த ஒருவரின் தலையிலும் முதுகுத்தண்டிலும் சேர்த்து எந்த நேரமும் சுமார் 150 மில்லிலீட்டர் இருக்கும். ஆனால் ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது சுமார் 500 மில்லிலீட்டர். அப்படியென்றால் பழைய நீர் நாளுக்கு மூன்று நான்கு முறை வடிந்து இரத்தத்தில் கலந்தாக வேண்டும்.

வீட்டு முன்னால் ஓடும் லோங்காங் எதற்கு என்று மாக் மண்டினில் வளரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை வழக்கம்போலப் பெய்தாலும், லோங்காங் அடைத்துக்கொண்டால் தெரு முழுக்கத் தண்ணீர். மூளையிலும் அப்படியே. நீர் சுரப்பது நிற்காது. வழி அடைபட்டால் உள்ளே தேங்கும். முழுத் தலையும் பெரிதாகும். இதை நீர்த்தலை நோய் என்பார்கள். திரிபுராக் குழந்தைக்கு இருந்தது இதுதான்.

சிலந்திச் சவ்வில் ஒரு பை

தலையின் உருவத்தை மாற்றும் இன்னொரு காரணம் நீர்க்கட்டி. மூளையை மூன்று சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. நடுவில் இருப்பது மிக மெல்லியது. சிலந்தி வலை போன்ற இழைகள் கொண்டது. அதனால் சிலந்திச் சவ்வு எனலாம். கரு வளரும்போது சிலருக்கு இந்தச் சவ்வு இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு பை உண்டாகிறது. அந்தப் பைக்குள் இருப்பதும் அதே தெளிந்த நீர்தான். இது புற்றுநோய் அல்ல. ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1831-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கட்டியை விவரித்திருக்கிறார்.

குழந்தைகளுக்கு வேறு காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இப்படிக் கட்டி இருப்பது தெரியவருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் வராது, சிகிச்சையும் வேண்டாம். மருத்துவர் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

சிலருக்கு மட்டும் அந்தப் பை பெரிதாகிக்கொண்டே போகிறது. ஏன்? ஒரு விளக்கம், சைக்கிள் டியூப் வால்வு போன்றது. பையின் சுவரில் உள்ள ஒரு சிறு பிளவு, ஒவ்வொரு இதயத் துடிப்பின்போதும் நீரை உள்ளே விடுகிறது, வெளியே விடுவதில்லை. சில கட்டிகளில் சுவரே நீரைச் சுரக்கலாம் என்றும் கருதுகிறார்கள்.

இந்தக் கட்டிகள் அதிகம் வருவது காதுக்கு முன்னும் மேலும் உள்ள பொட்டுப் பகுதியின் உட்புறத்தில். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் கூடுதல். பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல். பொட்டெலும்பு மண்டையோட்டின் மெல்லிய எலும்புகளில் ஒன்று. ஆகவே, மாவுச் சோதனையில் பார்த்ததுபோல, அந்த இடம் மெலிந்து ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொள்கிறது. கட்டி மூளையின் நடுப்பகுதியில் இருந்தால், நீர் ஓடும் வழியையே அடைத்து முழுத் தலையையும் பெரிதாக்கும்.

நடுவில் வரும் சில கட்டிகள் வேறொரு விந்தையும் செய்யும். குழந்தையின் தலை முன்னும் பின்னும் விடாமல் ஆடும். தூங்கும்போது நின்றுவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போல என்று உங்களுக்குத் தோன்றும். 1966-இல் இதைப் பற்றி எழுதிய மருத்துவர்களுக்கும் தலையாட்டும் பொம்மைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. நோய்க்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இப்படித் தலையாட்டும் ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு, அதன் மூளைக்குள் ஒரு நீர்ப்பை அழுத்திக்கொண்டிருக்கலாம் என்பது தெரியாது.

அளவு நாடாவின் கணக்கு

குழந்தையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது, தாதி எடை பார்ப்பார், நீளம் பார்ப்பார், பிறகு நெற்றிக்கு மேலாக ஒரு நாடாவைச் சுற்றித் தலையை அளப்பார். அதை ஒரு வளைகோட்டு வரைபடத்தில் குறிப்பார். தையற்காரர் வைத்திருப்பது போன்ற அந்த நாடா என்ன கண்டுபிடித்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தலைச் சுற்றளவு 42 சென்டிமீட்டர் உள்ள ஒரு குழந்தை. உருண்டையாகக் கொண்டால் கன அளவு சுமார் 1,250 மில்லிலீட்டர். சுற்றளவு 43 ஆனால் சுமார் 1,340. வேறுபாடு ஏறக்குறைய 90 மில்லிலீட்டர். நாடாவில் ஒரே ஒரு சென்டிமீட்டர். உள்ளே கிட்டத்தட்ட அரை டம்ளர்! மூன்றாம் படிக் கணக்கின் வலிமை இது. கண்ணால் பார்த்தால் தெரியாத மாற்றத்தை நாடா காட்டிவிடுகிறது.

ஆரோக்கியமான குழந்தையின் தலையும் வளரத்தான் செய்யும். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதங்களில் 1, அதன்பிறகு ஓராண்டு வரை அரை. ஆகவே ஒரு முறை எடுத்த அளவு பெரிதாகச் சொல்வதில்லை. பல மாதங்களின் புள்ளிகளை இணைத்துப் பார்க்கும்போது, கோடு தன் வழக்கமான பாதையை விட்டு மேலே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. அம்மா அப்பாவுக்கே பெரிய தலை என்றால் பிள்ளைக்கும் அப்படி இருக்கலாம். ஒரே பக்கமாகப் படுக்க வைத்ததால் பின்மண்டை தட்டையாவதும் உண்டு. கோணலான தலை எல்லாம் நோய் அல்ல.

ஆனால் கோடு வேகமாக ஏறினாலோ, அழாதபோதும் உச்சிக்குழி புடைத்து இறுக்கமாக இருந்தாலோ, வாந்தி, வலிப்பு, கீழ்நோக்கியே நிற்கும் விழிகள் இவை தென்பட்டாலோ தாமதிக்கக் கூடாது. உச்சிக்குழி திறந்திருக்கும் வயதில் அதன் வழியாகவே, வலியில்லாமல், கேளா ஒலி அலைகளால் மூளையைப் பார்க்கலாம். பிறகு சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டி அமுக்கினால் உருண்டையாகும் என்பார்கள். கண்ணேறு என்று கயிறு கட்டுவோரும் உண்டு. அழுத்தம் உள்ளிருந்து வரும்போது வெளியிலிருந்து அமுக்கி என்ன பயன்? செம்புக்குள் பலூனை வைத்து ஊதியதை நினைத்துப் பாருங்கள்.

கத்தி எங்கே போகிறது?

மூளை அறுவை சிகிச்சை என்றதும் மூளையை வெட்டுவதாகப் பலர் பயப்படுகிறார்கள். நீர்க்கட்டிக்குச் செய்வது பெரும்பாலும் வழி திறக்கும் வேலை. கட்டியை முழுதாக உரித்து எடுக்கத் தேவையில்லை. அதன் சுவர் இரத்தக் குழாய்களோடும் நரம்புகளோடும் ஒட்டியிருக்கும். பைக்குள் இருக்கும் நீர் வழக்கமான பாதையில் சேர்ந்துவிட்டால் போதும்.

மூன்று முறைகள் உள்ளன. முதலாவது, திறந்த அறுவை. முடிக்குள் மறையும்படி காதுக்கு முன்னால் வளைவாகக் கீறி, எலும்பில் ஒரு சிறு பலகை போல வெட்டி எடுப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபடி கட்டியின் சுவரில் சன்னல் போலத் திறப்பார்கள். முடிந்ததும் எலும்பைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள்.

இரண்டாவது, உள்நோக்கி முறை. எலும்பில் சில்லறைக் காசு அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் போகும். நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். கட்டியின் உட்சுவரில் துளையிட்டு, மூளையின் அடியில் இயற்கையாகவே நீர் தேங்கும் இடத்தோடு அதை இணைப்பார்கள். சொல்ல எளிது. துளையிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பார்வை நரம்பும் விழியை அசைக்கும் நரம்பும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் ஓடுகின்றன. கை நடுங்கக் கூடாத இடம் அது.

மூன்றாவது, குழாய் வைப்பது. கட்டியிலிருந்து தோலுக்கு அடியிலேயே காதின் பின்புறம், கழுத்து, மார்பு வழியாக வயிற்றறைக்கு ஒரு மெல்லிய குழாயை இறக்குவார்கள். வயிற்றறையின் சவ்வு அந்த நீரை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடும். பிள்ளை உயரமாக வளரும் என்பதால் கொஞ்சம் கூடுதல் நீளத்தை வயிற்றுக்குள் சுருட்டி விடுவார்கள்.

நீர் அதிகம் வடிந்துவிட்டாலும் ஆபத்து. அதனால் குழாயில் ஒரு வால்வு உண்டு; குறிப்பிட்ட அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கும். 1960-இல் எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை நியூயார்க்கில் வாடகைக் கார் மோதித் தலையில் அடிபட்டான். வைத்த குழாய் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. டால், பொறியாளர் ஸ்டான்லி வேட், அறுவை மருத்துவர் கென்னத் டில் ஆகிய மூவரும் சேர்ந்து எளிதில் அடைத்துக்கொள்ளாத வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். வேட், பொம்மை விமானங்களுக்குச் சிறிய எரிபொருள் பம்பு செய்து பழகியவர். 1962 முதல் அது ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டது. அந்த மகனுக்கு அதற்குள் குழாயே தேவைப்படாமல் போயிருந்தது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உங்கள் வீட்டார் யாராவது வால்வு, பம்பு வேலை செய்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மூளையைக் காப்பாற்ற மருத்துவர் மட்டும் போதாது.

விலையும் ஒரு சிக்கல்தான். இந்தியாவில் தயாராகும் சாப்ரா வால்வு, மேலைநாட்டு வால்வைவிடப் பல மடங்கு விலை குறைவு. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஒவ்வொரு முறையிலும் குறை உண்டு. திறந்த வழி மீண்டும் மூடிக்கொள்ளலாம், இரத்தம் கசியலாம். நீர்த்தலை நோய்க்காகக் குழந்தைகளுக்கு வைக்கும் குழாய்களில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதாகிறது. மறுபடி அறுவை தேவைப்படும். கிருமித் தொற்றும் வரலாம். அதனால்தான் தொல்லை தராத கட்டியை மருத்துவர்கள் தொடுவதில்லை. பெரிதாகிறதா, மூளையை நசுக்குகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள்.

அழுத்தம் குறைந்தபின் தலையின் உருவம் என்னாகும்? எலும்பு முன்பு அழுத்தத்துக்கு வளைந்ததுபோலவே, இனி அழுத்தம் இல்லாததற்கும் பழகிக்கொள்ளும். கைக்குழந்தை என்றால், மூளை விரிந்து காலியிடத்தை நிரப்ப, ஆண்டுகள் செல்லச் செல்லப் புடைப்பு பெரும்பாலும் சீராகும். வளர்ந்த பிள்ளைக்குக் கொஞ்சம் புடைப்பு நிலைத்துவிடலாம். மிகவும் உருமாறியிருந்தால் எலும்பை வெட்டித் திருத்தி அமைக்கும் அறுவையும் உண்டு. ஆனால் மருத்துவரின் முதல் நோக்கம் அழகு அல்ல, மூளை.

அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது?

படம் நாளிதழ்களில் வந்த பிறகு, தில்லியை அடுத்த குர்கானில் உள்ள ஃபோர்டிஸ் மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை அளிக்க முன்வந்தது. மருத்துவர் சந்தீப் வைஷ்யா தலைமையில் நீரை மெல்ல மெல்ல வடித்தார்கள். ஒரேயடியாக வடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. பல கட்ட அறுவைக்குப் பிறகு 94 சென்டிமீட்டர் சுமார் 58 ஆனது. மூன்றாம் படிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கன அளவு கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது. தூக்க முடியாமல் கிடந்த தலை அசையத் தொடங்கியது. ஆனால் சிகிச்சை கிடைத்தபோது மூளை பல மாதம் நசுங்கியிருந்தது. அவள் 2017-இல் இறந்துபோனாள். ஐந்து வயது.

அவள் தலை ஒரே நாளில் 94 ஆகவில்லை. 40, 45, 50 என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் போயிருக்கும். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. வறுமையும் தூரமும் அந்த வாய்ப்புகளைப் பறித்துக்கொண்டன.

நமக்கு அந்தத் தூரம் இல்லை. கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது. மூளை அறுவை செய்யும் பிரிவு, கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையில் இருக்கிறது. பாலத்திலோ படகிலோ போய்விடலாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அம்மாவிடம் கேட்டு அதன் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து தலைச் சுற்றளவு வரைபடத்தைப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றனவா, ஏதாவது மாதம் விடுபட்டிருக்கிறதா? விடுபட்டிருந்தால் அடுத்த முறை தாதியிடம் கேட்கச் சொல்லுங்கள். வரைபடம் படிக்கத் தெரிந்த பிள்ளை நீங்கள்; அந்தப் படிப்பு உங்கள் தம்பி தங்கைக்கும் பயன்படட்டும்.

என்னிடம் கேள்வி கேட்ட மாணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் படத்தை நானும் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன், டீச்சர்" என்றார். மறுநாள் வந்து, அந்த இருவருக்கும் உண்மையை எழுதி அனுப்பியதாகச் சொன்னார்.